நீண்ட தூர ஓட்டமும் பிள்ளைப்பேறும்: பயிற்சியில எதைக் குறைக்கிறது, எதை விடுறது?

ஓட்டப்பயிற்சி_கோண்டாவில்

வணக்கம். அரை மரதனுக்குப் பயிற்சி எடுக்கிற ஒரு சோடி, பிள்ளைக்கு முயற்சி செய்யினம். மனுசிக்கு 52 கிலோ, 160 சென்ரிமீற்றர் உயரம். கிழமையில 6 நாள் ஓட்டம், நாளுக்குச் சராசரி 12 கி.மீ. முந்தி 29 நாளுக்கு ஒருக்கா வந்த மாதவிடாய் இப்ப 38, 42 எண்டு தள்ளிப் போகுது. ஸ்கானில சூலகத்தில சின்னச் சின்ன நீர்க்கட்டி தெரிஞ்சதாம். எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கினம். 52 கிலோவில எதைக் குறைக்கிறது? மனுசன் சைக்கிள்காரன், கிழமைக்கு 8 மணித்தியாலத்துக்குக் குறையாமல் சீற்றில இருக்கிறவர். வீட்டுப் பெரியாக்கள் "ஓட்டத்தை விட்டால்தான் பிள்ளை தங்கும்" எண்டு ஒற்றைக்காலில நிக்கினம். ஓட்டத்தை முழுசாய் நிப்பாட்ட வேணுமா? ஆம்பிளையின்ர பக்கத்தில என்ன பார்க்கிறது?

சாப்பாட்டுக்கணக்கு

தம்பி, முதல்ல அந்த எடைக் கதையை விடுங்கோ. மெலிஞ்ச ஓட்டக்காரியின்ர சூலகத்தில நீர்க்கட்டி மாதிரித் தெரியிறது புதினமில்லை. முட்டை பாதி வளர்ந்து நிண்டுபோனாலும் ஸ்கானில அப்பிடித்தான் தெரியும். ஸ்கானை மட்டும் வச்சு பி.சி.ஓ.எஸ். (ஓமோன் குழம்பி சூலகத்தில நீர்க்கட்டி மாதிரித் தெரியிற நிலை) எண்டு முடிவுகட்டி, சாப்பாட்டையும் குறைக்கச் சொன்னால் உள்ள சிக்கல் இன்னும் இறுகும். இரண்டையும் பிரிக்க இரத்தச் சோதனை வேணும். எல்.எச். (முட்டையை வெளியேற்றுற ஓமோன்), ஈஸ்திரஜன் (பெண் ஓமோன்) இரண்டும் குறைவாய், ஸ்கானில கருப்பை உட்சுவர் மெல்லிசாய் இருந்தால் அது பெரும்பாலும் சக்திப் பற்றாக்குறை, அதாவது ஓடுற ஓட்டத்துக்குச் சாப்பாடு காணாமை. ஆண் ஓமோன் கூடி, முகப்பருவும் முகத்தில முடியும் இருந்தால் பி.சி.ஓ.எஸ். பக்கம் யோசிக்கலாம். ரி.எஸ்.எச். (தைரொயிட் சோதனை), புரோலக்ரின் (பால் சுரக்கிற ஓமோன்) இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கோ. அதுக்கெல்லாம் முதல் ஒரு சலப் பரிசோதனை: நாள் தள்ளினது கர்ப்பமாயும் இருக்கலாம், அதைச் சிலபேர் மறந்துபோயிடினம்.

ஓட்டம் நேரடியாய்க் கருப்பையைக் குலுக்கிக் கெடுக்கிறதில்லை. ஓடின செலவு போக உடம்புக்கு மிச்சமாகிற சக்தி குறைஞ்சால், மூளையின்ர அடியில இருக்கிற ஐப்போதலமசு, எல்.எச்.சைத் தூண்டுற ஜி.என்.ஆர்.எச். ஓமோனை விடுற துடிப்பு மந்தமாகும். அதோட எல்.எச். விழும், முட்டை பிந்தும், பிறகு வெளியேறாமலே போகும். இது படிப்படியாய் நடக்கிறது. மாதவிடாய் ஒழுங்காய் வந்தாலும், முட்டை வெளியேறினதில இருந்து அடுத்த மாதவிடாய்க்கு 10 நாள்கூட இல்லையெண்டால் கரு ஒட்ட நேரம் காணாது.

கணக்கைப் பாருங்கோ. 52 கிலோவில கொழுப்பு 23 வீதம் எண்டு வச்சால், கொழுப்பு நீங்கலான எடை 40 கிலோ. ஓட்டச் செலவு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கி.மீ.க்கு ஏறக்குறைய 1 கலோரி. 12 கி.மீ.க்கு 620. அவ நாளுக்கு 1,700 கலோரி சாப்பிடுறா எண்டால் மிச்சம் 1,080. அதை 40ஆல பிரிச்சால் 27. இந்த எண் 45க்குக் கிட்ட நிக்கிறது நல்லது, 30க்குக் கீழ போனால் ஓமோன் குழம்புற ஆபத்து கூடும். 30 எண்டது எல்லாருக்கும் ஒரே கோடு இல்லை, சிலருக்கு அதுக்கு மேலயே நாள் தள்ளும்.

திருத்திறதுக்கு ஓட்டத்தை விடத் தேவையில்லை. நாளுக்கு 8 கி.மீ. ஆக்கினால் செலவு 415. ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயில பொரிச்ச 2 முட்டை 270, ஒரு கைபிடி கச்சான் 170. ஆக 440 கூடச் சாப்பிட்டால் எண் 43க்கு வந்திடும். கிழமையில ஒரு நாள் முழு ஓய்வு இருக்கட்டும், வேக ஓட்டத்தைக் கொஞ்ச மாதத்துக்கு ஒதுக்கி வையுங்கோ.

இஞ்ச நான் அடிக்கடி காணிற பிழை, நாள் கணக்குச் சரியாய் இருக்க நேரக் கணக்குப் பிழைக்கிறது. விடிய வெறும் தேத்தண்ணியோட ஓடி, பத்து மணிக்கு நாலு இடியப்பமும் சொதியும், பிறகு இரவுதான் வயிறுமுட்டச் சாப்பாடு. பகல் முழுக்க உடம்பு பற்றாக்குறையில நிக்கும். ஓட முதல் ஒரு வாழைப்பழமும் எள்ளுருண்டையும், ஓடி ஒரு மணித்தியாலத்துக்குள்ள புட்டும் முட்டையும் எண்டு மாத்துங்கோ. நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு நேரச் சாப்பாடு, கந்தசட்டிக்கு 6 நாள் உபவாசம் எண்டு பிடிக்கிறவை பிடிக்கட்டும், அந்த நாளில நடையோட நிக்க வேணும். விரதமும் 12 கி.மீ.யும் ஒண்டாய்ப் போகாது.

மாதவிடாயை வரவைக்கவெண்டு கருத்தடைக் குளிசை குடுத்தால் ரத்தம் படும், ஆனால் அது ஓமோன் திரும்பினதுக்கு அத்தாட்சியில்லை. உண்மையில திரும்ப மாதக்கணக்கில செல்லும். 3 மாதம் வராமலே நிண்டால் காத்திருக்க வேண்டாம்: ஈஸ்திரஜன் குறைஞ்சபடி இருந்தால் எலும்பும் தேயும், முழங்காலுக்குக் கீழ எலும்பில மயிர்க்கோடு போல வெடிப்பு வரும். இன்னொண்டு, முட்டை வெளியேறினதுக்குப் பிறகுதான் மாதவிடாய் வரும். அதால "இன்னும் வரேல்லையே" எண்டு இருக்கேக்கயே கர்ப்பம் தங்கலாம். போலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் இப்பவே துவங்கட்டும். மிட்வைவிட்டைக் கேட்டால் வழி சொல்லுவா.

முட்டை வெளியேறினதோ எண்டு பார்க்கிற 21ஆம் நாள் புரொஜெஸ்தரோன் ஓமோன் சோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது 28 நாள் சுற்றுக்காரருக்கு. 40 நாள் சுற்றில 21ஆம் நாள் எடுத்தால் "முட்டை வரேல்லை" எண்டு பொய் முடிவு வரும். எதிர்பார்க்கிற மாதவிடாய்க்கு 7 நாள் முந்தி எடுக்க வேணும்.

மருந்தகம்_சுன்னாகம்

ஆம்பிளையின்ர பக்கம் சொல்லுறன். விதை (விந்தணு உருவாகிற உறுப்பு) உடம்புச் சூட்டிலும் பார்க்க 2 முதல் 4 பாகை குளிராய் இருக்க வேணும். இறுக்கமான சைக்கிள் காற்சட்டை, ஒடுங்கின சீற், யாழ்ப்பாணத்து வெக்கை மூண்டும் சேர்ந்தால் அந்தக் குளிர் கிடைக்காது. கிழமைக்கு 5 மணித்தியாலத்துக்கு மேல சைக்கிள் ஓடுறவையில விந்தணு எண்ணிக்கை குறைவாய்க் கண்ட ஆய்வு இருக்கு, ஆனால் அது சிகிச்சைக்கு வந்த ஆம்பிளையளில செய்தது. சைக்கிள் ஓடுற எல்லாருக்கும் அப்பிடியே பொருத்த ஏலாது.

செய்யக்கூடியது: நடுவில வெட்டு உள்ள அகலமான சீற், மூக்குப் பக்கம் மேல தூக்காமல் மட்டமாய், 10 நிமிசத்துக்கு ஒருக்கா எழும்பி நிண்டு மிதிக்கிறது, ஓடி முடிஞ்ச உடன நனைஞ்ச காற்சட்டையைக் கழட்டிறது. கவட்டுப் பக்கம் விறைச்சால் சீற் பொருந்தேல்லை, அதைப் பழகிப் போயிடும் எண்டு விடாதேங்கோ.

விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள், வெளியில வரக் கொஞ்ச நாள். இண்டைக்குச் செய்யிற மாற்றம் 3 மாதம் கழிச்சுத்தான் சோதனையில தெரியும். டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் அந்த 3 மாதக் கணக்குத்தான். சோதனைக்கு முதல் 2 தொடக்கம் 7 நாள் விலகியிருக்க வேணும். ஒரு முடிவை வச்சுக் கதை முடிக்காமல் இரண்டாந்தரம் எடுக்கிறது நல்லது. மில்லிலீற்றருக்கு 16 மில்லியன், அசைவு 42 வீதம் எண்டது உலக சுகாதார நிறுவனத்தின்ர 2021 கீழ் எல்லை. அதுக்குக் கீழ எண்டால் பிள்ளையே இல்லை எண்டு அர்த்தமில்லை.

ஜிம்மில ஆரும் தெஸ்தெஸ்தரோன் ஊசி, "மசில் குளிசை" எண்டு குடுத்திருந்தால் அதை வைத்தியரிட்டை ஒளிக்காமல் சொல்லச் சொல்லுங்கோ. வெளியில இருந்து அந்த ஓமோன் போனால் மூளை விதைக்கு அனுப்புற கட்டளையை நிப்பாட்டிடும். விந்தணு பூச்சியத்துக்கும் போகும். நிப்பாட்டின பிறகும் பலமாதம், சிலருக்கு ஒரு வருசத்துக்கு மேலயும் இழுக்கும்.

ஓட்டப்பயிற்சி_கோண்டாவில்

நன்றி அக்கா, நன்றி அண்ணை. இன்னொண்டு: கர்ப்பம் தங்கினால் ஓடலாமோ? இதயத்துடிப்பு 140 தாண்டக்கூடாது எண்டு ஒரு பழைய கணக்கு இருக்கே?

பிள்ளைத்தாச்சி_கிளினிக்

அந்த 140 கணக்கு அமெரிக்க மகப்பேற்று வைத்தியர் சங்கம் 1985இல போட்டது. 1994இல அவையே எடுத்துவிட்டினம். கர்ப்பத்தில இரத்த அளவு 40 முதல் 50 வீதம் கூடும், சும்மா இருக்கேக்கயே துடிப்பு 10, 20 கூட அடிக்கும். மணிக்கூட்டை நம்பேலாது. பேச்சுச் சோதனைதான் சரி: ஓடிக்கொண்டே ஒரு முழு வசனத்தைத் தடங்கலில்லாமல் கதைக்க வேணும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் கூட.

முந்தியே ஓடின, சிக்கலில்லாத கர்ப்பம் எண்டால் ஓட்டம் தொடரலாம். கிழமைக்கு 150 நிமிசம் மிதமான பயிற்சி எண்டது எல்லாத் தாய்மாருக்கும் சொல்லுறது. பழகின ஓட்டக்காரி அதுக்கு மேலயும் செய்யலாம். உச்சத் துடிப்பின்ர 90 வீதத்தைத் தாண்டுற வேக ஓட்டம் வேண்டாம். நோர்வேயில உயர்மட்ட வீராங்கனைகள் 6 பேரைச் சோதிச்சதில அந்த மட்டத்துக்கு மேல கருப்பைக்கான இரத்தம் குறைஞ்சு, பிள்ளையின்ர துடிப்பும் தற்காலிகமாய் விழுந்தது.

இஞ்ச எனக்குப் பெரிய கவலை வெக்கை. முதல் 3 மாதத்தில தாயின்ர உள்வெப்பம் 39 பாகை தாண்டினால் பிள்ளையின்ர முள்ளந்தண்டு, மூளை உருவாகிறதில பழுது வரலாம். கடும் பயிற்சி 35 நிமிசம் வரை செய்தும் 39 தாண்டேல்லை எண்டு ஆய்வு சொல்லுது, ஆனால் அது 25 பாகை, 45 வீத ஈரப்பதத்தில. எங்கட மே மாதத்தில விடியப்புறமே 27, 28 பாகை, ஈரப்பதம் 80க்குக் கிட்ட. அந்த உறுதிமொழி எங்களுக்கில்லை. விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு 30 நிமிசத்துக்குள்ள முடியுங்கோ, வெயில் ஏறின பிறகு வேண்டாம். சோளகம் (தென்மேல் காற்று) வீசேக்க யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தால தீவுப் பக்கம் போகும்போது எதிர்க்காற்றில சுகமாய் இருக்கும். திரும்பி வரேக்க காற்று முதுகோட சேர்ந்து வரும், வேர்வை காயாது, சூடு அப்பதான் ஏறும். நடந்து திரும்புங்கோ.

கர்ப்பச் சிதைவுக்கு ஓட்டத்தைக் குற்றஞ்சொல்லுறவை நிறையப் பேர். முதல் 3 மாதச் சிதைவில பாதிக்குக் கிட்ட கருவின்ர நிறமூர்த்தப் (குரோமோசோம்) பிழை, அது கட்டிலில படுத்தாலும் நடக்கும். நஞ்சுக்கொடி கீழ இறங்கி இருக்கிறது, பிறஷர், கருப்பை வாய் தளர்வு, கடும் இரத்தச்சோகை, இரட்டைப் பிள்ளை எண்டால் நிலைமை வேற. கிளினிக்கில கேட்காமல் ஓடாதேங்கோ. ரத்தம், நீர் கசிவு, ஒழுங்காய் விட்டுவிட்டு வயிற்றுநோ, தலைச்சுற்று, நெஞ்சுநோ, ஒரு காற்சதை மட்டும் வீங்கி நோகிறது: இதில ஒண்டு வந்தாலும் அந்த இடத்திலயே நிப்பாட்டி ஆஸ்பத்திரிக்கு.

ஹீமோகுளோபின் 11க்குக் கீழ எண்டால் கிளினிக்கில குடுக்கிற இரும்புக் குளிசையை விடாமல் போடச் சொல்லுங்கோ. குளிசையும் தேத்தண்ணியும் ஒண்டாய்க் குடிச்சால் பாதியும் வீண், ஒரு மணித்தியாலம் இடைவெளி வேணும்.

சாப்பாட்டுக்கணக்கு

அக்கா சொன்னதோட ஒண்டு. ஊசி போட்டு முட்டை வளர்க்கிற சிகிச்சைக்குப் போனால் அந்தக் கிழமைகளில ஓட்டம் அறவே இல்லை. சூலகம் பெருத்து முறுகிற ஆபத்து இருக்கு. நடை காணும்.

பிள்ளை பிறந்து 31 துடக்குக் கழிஞ்ச கையோட சப்பாத்தைக் கட்டாதேங்கோ. நடை சரி, ஓட்டம் 12 கிழமைக்குப் பிறகு, அதுவும் துள்ளேக்க சலம் கசியாமலும் அடிவயிறு கனமாய் இழுக்காமலும் இருந்தால் மட்டும். பிரித்தானிய மரதன் வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் 2007 ஜனவரியில பிள்ளை பெத்து அந்த நவம்பரில நியூயோர்க் மரதன் வெண்டவ எண்டு கோச்மார் உதாரணம் காட்டுவினம். அவவுக்குப் பின்னால உதவிக்கு நிண்ட ஆக்களையும் எண்ணிப் பாருங்கோ.

ஓட்டப்பயிற்சி_கோண்டாவில்

விளங்கிச்சு. நாளுக்கு 8 கி.மீ., கிழமையில ஒரு நாள் ஓய்வு, வேக ஓட்டம் இல்லை. இரத்தச் சோதனை முடிவு வந்த பிறகு எண்களை இஞ்ச போடுறன்.