ஸ்பார்க் ப்ளக் நம்பரை ஒண்ணு ஏத்தினேன், கரி இன்னும் கூடிப்போச்சு

என் கார் தினமும் மூணு நாலு கிலோமீட்டர் தான் ஓடும், இன்ஜின் சூடாகுறதுக்குள்ள ஆஃப் பண்ணிடுவேன். காலைல ஸ்டார்ட் பண்ணா ஒரே உதறல், ஐட்லிங் நிக்காது. ப்ளக்கைக் கழட்டிப் பாத்தா நுனியெல்லாம் கரி, தொட்டா விரல்ல ஒட்டுது. தெரிஞ்சவர் ஒருத்தர் ஹாட் ப்ளக் போடுங்க, கரி தானா எரிஞ்சிடும்னாரு. இருந்தது என்ஜிகே கம்பெனி ப்ளக், சூட்டு நம்பர் 6, நம்பர் கூடினா சூடும் கூடும்னு நெனச்சு 7 வாங்கி நாலையும் மாத்திட்டேன். பத்தே நாள்ல முன்னவிட மோசம், ரெண்டு சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியாம மிஸ்ஃபயர் ஆகி இன்ஜின் லைட்டே எரிய ஆரம்பிச்சுது.

அப்புறம் தான் உக்காந்து படிச்சேன். என்ஜிகே, டென்சோ ரெண்டுலயும் நம்பர் ஏற ஏற கோல்ட் ப்ளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் கடத்துற குளிர் ப்ளக், பாஷ்லயும் சாம்பியன்லயும் அப்படியே தலைகீழ்! ஹாட்டுன்னா பொறி சூடா வரும்னு அர்த்தமே இல்லீங்க, நுனில சேர்ற சூட்டை இன்ஜின் ஹெட்டுக்கு எவ்வளவு மெதுவா கடத்துதுங்கறது தான் விஷயம். நுனி சுமார் 450-500 டிகிரியாவது தொட்டா தான் கரி எரியும், 850 பக்கம் தாண்டிட்டா பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் பத்திக்கும், பிஸ்டனே ஓட்டையாகலாம். அதனால பயந்துட்டு 5 பக்கம் போகல. மேனுவல்ல சொன்ன 6-ஐயே திரும்பப் போட்டு, வாரம் ஒரு தடவ அரை மணி நேரம் நல்லா ஓட்டுறேன், உதறல் சுத்தமா நின்னுடுச்சு.

---

அண்ணா, எனக்கு நம்பர் சரியா இருந்தும் அடி விழுந்துச்சு. என்ஜிகே கோடு முடியற இடத்துல -11னு இருந்தா கேப், அதாவது பொறி தாவுற இடைவெளி, 1.1 மிமீ. அந்த -11 இல்லாத இரிடியம் நுனி ப்ளக்கை வாங்கிட்டு, கேப்பைக் கூட்ட அளவுக் கேஜை உள்ள விட்டு நெம்பினேன். நுனி 0.6 மிமீ தடிமன் தான், டக்குனு உடைஞ்சுது. பழைய நிக்கல் ப்ளக் மாதிரி இதை நெம்பவே கூடாது, தயவுசெஞ்சு கோடு முழுசா பாத்து வாங்குங்க.

---

நான் மாட்டினது நீளத்துல. 26.5 மிமீ மரை வேண்டிய இடத்துல 19 மிமீ ப்ளக், அதுவும் உள்ள போய் டைட்டா உக்காந்துடுச்சு, வண்டியும் ஓடிச்சு, அதனால சந்தேகமே வரல. ப்ளக் எட்டாத மரை பூரா கரி ஏறி, அடுத்த தடவ சரியான நீளத்தைத் திருகும்போது அலுமினிய ஹெட்ல மரையே போச்சு. இப்பல்லாம் பழசையும் புதுசையும் பக்கத்துல வெச்சு அளந்து பாப்பேன், இன்ஜின் நல்லா ஆறினப்புறம் கையால திருகி, வாஷர் உக்காந்ததும் அரை சுத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவு தான்.

முதல்ல எழுதின அண்ணா, இப்ப கழட்டிப் பாத்தீங்களா, நுனி என்ன கலர்ல இருக்கு? வெளிர் பழுப்பா இருந்தா கவலையே படாதீங்க.