ஜுராசிக் வேர்ல்ட்: ஒன்பது வயதுப் பிள்ளைக்குப் பழையதை முதலில் காட்டுவதா, புதியதையா?

கேட்டவர்: திண்ணைவாசி

என் மகளுக்கு ஒன்பது வயது. பள்ளித் தோழி ஒருத்தி 2015-ல் வந்த ஜுராசிக் வேர்ல்ட் என்ற ஆங்கில டைனோசர் படத்தின் கதையைச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. வரைந்து சுவரில் ஒட்டியிருக்கும் டைனோசருக்கு என் மாமியாரின் மூக்குக்கண்ணாடியையும் மாட்டியிருக்கிறாள்.

சனிக்கிழமை அந்தப் படத்தைத் தமிழ்க் குரலில் போட்டுவிடலாம் என்று நான் நினைக்கிறேன். 1993-ல் வந்த முதல் படமான ஜுராசிக் பார்க்கைக் காட்டாமல் இதைக் காட்டுவது பாவம் என்கிறாள் மனைவி. இடையில் 1997-லும் 2001-லும் இரண்டு வந்தனவாம். நான் இரண்டையும் பார்த்ததில்லை. எதை முதலில் காட்டுவது? 2015 படம் உண்மையிலேயே நல்ல படமா, அல்லது பழைய பெயரை வைத்துப் பணம் பார்த்த படமா?

பதில் 1: கோணல்மரம்

இடையில் வந்த இரண்டையும் தாராளமாக விட்டுவிடுங்கள். அவை வேறு தீவில் நடப்பவை. 2015 படம் முதல் படத்தின் அதே இஸ்லா நூப்லார் தீவுக்குத் திரும்புகிறது. அன்று திறக்காமலே பாழான பூங்கா இப்போது திறந்து, 20,000 பேருக்கு மேல் உள்ளே இருக்கிறார்கள். கூட்டம் போதவில்லை என்று புதிதாக ஒரு மிருகத்தைக் கலந்து செய்கிறார்கள், அது வேலியைத் தாண்டுகிறது. இதைப் புரிந்துகொள்ள முன்கதை எதுவும் தேவையில்லை. குழந்தை ஆசைப்பட்டதைப் போடுங்கள்.

பதில் 2: பழைய ஆபரேட்டர்

தம்பி, மேலே சொன்னவர் கதையை வைத்துச் சொல்கிறார். நான் கூட்டத்தை வைத்துச் சொல்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டியவன் நான். எங்களுக்குப் படம் பாதிதான் தெரியும்; மீதி நேரம் சின்ன ஜன்னல் வழியாக ஜனங்களின் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். படம் நன்றாக இருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

முதல் படத்தின் பெட்டி எங்கள் ஊருக்கு 1994-ல் வந்தது. ஆங்கிலம்தான். டி.டி.எஸ். ஒலியோடு உலகத்தில் வந்த முதல் படம் அது. எங்கள் தியேட்டரிலோ திரைக்குப் பின்னால் ஒரே ஒரு பழைய ஸ்பீக்கர். ஆங்கிலப் படத்துக்கு இடைவேளை கிடையாதல்லவா, எங்கே நிறுத்துவது என்பதை ஆபரேட்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். முதல் காட்சியில் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. மழையில் கார்கள் நிற்கின்றன, உள்ளே இருக்கும் டம்ளர் தண்ணீர் நடுங்குகிறது. அந்த இடத்தில் ஷட்டரை மூடி விளக்கைப் போட்டேன்.

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படம் எந்த நொடியில் திரும்பத் தொடங்குமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். பத்து நிமிடம் கழித்துக் கேன்டீன்காரர் மூச்சுவாங்க மாடிப்படி ஏறி வந்து, இரண்டு தட்டு பஜ்ஜியும் ஆறிப்போய்விட்டது, இதற்கு யார் காசு கொடுப்பது என்று சண்டை பிடித்தார். மேட்னி காட்சியிலிருந்து அந்த இடம் வருவதற்கு முன்பே இடைவேளை விட்டேன்.

அந்தத் தண்ணீர் நடுங்குவதை எப்படி எடுத்தார்கள் என்று பின்னால் படித்தேன். காரின் முன்பலகைக்கு அடியில் ஒரு கிட்டார் கம்பியைக் கட்டி மீட்டியிருக்கிறார்கள். மிருகத்தைக் காட்டாமல் ஒரு கம்பியால் ஊரையே உட்காரவைத்துவிட்டார்கள். 127 நிமிடப் படத்தில் டைனோசர்கள் வருவது மொத்தம் சுமார் 15 நிமிடம்தான். படத்துக்கு இயந்திர டைனோசர்களைச் செய்த ஸ்டான் வின்ஸ்டனின் ஆட்கள் ஆள் உயரத்துக்கு அல்ல, மெய்யான அளவிலேயே டி-ரெக்ஸைச் செய்து நிறுத்தினார்கள். செயற்கை மழையில் அதன் தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போய் உடம்பெல்லாம் நடுங்க ஆரம்பித்ததாம். துடைத்துக் காயவைத்துக் காயவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

2015 படம் வந்தபோது நான் ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. ரீல் இல்லை, விளக்கு எரிக்கக் கார்பன் குச்சி இல்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் இடைவேளை தானாக வரும். தமிழிலேயே பேசியது. அரங்கு நிறைந்த கூட்டம். இடைவேளை விட்டதும் மளமளவென்று எழுந்து போனார்கள். கேன்டீனில் அமோக வியாபாரம். படம் திரும்ப ஆரம்பித்து ஐந்து நிமிடம் வரைக்கும் பாப்கார்ன் டப்பாவோடு வந்துகொண்டேயிருந்தார்கள். எனக்குக் கேன்டீன் கணக்கைவிட நல்ல விமர்சனம் கிடையாது.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். இந்தக் குறை இயக்குநர் காலின் ட்ரெவாரோவுக்கே தெரிந்திருக்கிறது. டி-ரெக்ஸ் ஆட்டைத் தின்கிறது, மூத்த பையன் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் பேசுகிறான். இப்போதெல்லாம் டைனோசரைப் பார்த்து யாருக்கும் வியப்பு வருவதில்லை என்று பூங்காவை நடத்தும் பெண்ணே முதலீட்டாளர்களிடம் சொல்கிறாள். அதனால் பெரிய பல், அதிக சத்தம் உள்ள ஒன்றைச் செய்கிறார்கள், அது அழிவை உண்டாக்குகிறது. படமும் அதே பெரிய பல்லை வைத்துத்தான் டிக்கெட் விற்றது! தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டு அதையே செய்கிற படம். முதல் வார இறுதியிலேயே உலகம் முழுவதும் 50 கோடி டாலரைத் தாண்டியது என்றால் யாரைக் குறை சொல்வது?

இரண்டு இடத்தில் பின்னந்தலைகள் அசையவில்லை. ஒன்று, நீண்ட கழுத்துள்ள அபடோசரஸ் செத்துக்கொண்டிருக்கும் காட்சி. கதாநாயகனும் பூங்காவை நடத்தும் அந்தப் பெண்ணும் அதன் தலையை மடியில் வைப்பதுபோல் பிடித்துத் தடவிக்கொடுக்கிறார்கள். அதன் கண் அசைகிறது. ஒரு பாப்கார்ன் சத்தம் இல்லை. அந்தத் தலையும் கழுத்தும் கணினியில் வரைந்தவை அல்ல, கையால் செய்து இயக்கியவை. அரங்கில் யாருக்கும் அது தெரியாது. தெரியாமலே அடங்கினார்கள்.

இன்னொன்று முடிவுக்குச் சற்று முன்பு. அந்தப் பெண் கையில் தீப்பந்தத்தோடு ஒரு கதவுக்கு முன்னால் நிற்கிறாள். உள்ளே இருப்பது முதல் படத்தின் அதே டி-ரெக்ஸ். கழுத்தில் 22 வருடத்துத் தழும்பு. எங்கள் அரங்கில் நாற்பது வயதுக்காரர்கள்தான் முதலில் விசில் அடித்தார்கள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டுப்பாட்டு அறையில் ஒருவன் பழைய பூங்காவின் சட்டையை 150 டாலருக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறானே, அவனைப் பார்த்து நானும் சிரித்தேன். என் அலமாரியில் இன்னும் அந்த 1994 போஸ்டர் இருக்கிறது.

ஆகவே முதல் படத்தை முதலில் காட்டுங்கள். அது தெரியாத பிள்ளைக்கு அந்தத் தழும்பு வெறும் கோடு. தண்ணீர் நடுங்கும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். எழுந்து போகிறாளா என்று எனக்குச் சொல்ல வேண்டும்.

பதில் 3: கல்லும் மண்ணும்

நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எதைக் காட்டினாலும் மறுநாள் கேள்வி வரும், தயாராக இருங்கள். சுறாவை ஒரே வாயில் விழுங்கும் மொசாசரஸ் டைனோசரே அல்ல, கடல்வாழ் ஊர்வன. படத்தில் கூட்டமாக வேட்டையாடும் வெலாசிராப்டர் உண்மையில் வான்கோழி அளவுதான். மங்கோலியாவில் கிடைத்த ஒன்றின் முன்கை எலும்பில் இறகு பொருந்தியிருந்த முண்டுகளை 2007-ல் கண்டார்கள். படத்தில் இறகே கிடையாது. இதற்குத் தப்பும் வழியைக் கதையிலேயே வைத்திருக்கிறார்கள்: மரபணுவின் இடைவெளிகளை வேறு விலங்குகளைக் கொண்டு அடைத்ததால் இவை உண்மையான உருவத்தில் இல்லை என்கிறார் அந்தப் பூங்காவின் விஞ்ஞானி டாக்டர் வூ. கெட்டிக்கார மனிதர்.

அரியலூர்ப் பக்கம் 2009-ல் டைனோசர் முட்டைகள் கிடைத்த கதையையும் மகளுக்குச் சொல்லுங்கள். 2020-ல் பெரம்பலூரில் முட்டை என்று ஊரே கூடிப் பார்த்த உருண்டைகள் மட்டும் அம்மோனைட் என்னும் பழங்காலக் கடல் உயிரின் படிவங்கள் என்று முடிந்தன. என் வகுப்புப் பிள்ளைகள் இன்றுவரை அதை நம்பத் தயாராக இல்லை.

பதில் 4: மஞ்சள்பை

ஆபரேட்டர் ஐயா ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பப்பட்ட உதவியாளப் பெண்ணைப் பறவைபோன்ற மிருகங்கள் மாறிமாறித் தூக்கி எறிந்து, கடைசியில் மொசாசரஸ் விழுங்குகிறது. அவள் செய்த குற்றம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. வில்லனுக்குக்கூட இவ்வளவு நீளமான சாவு இல்லை. கதாநாயகி காடு முழுக்கக் குதிகால் செருப்போடு ஓடுவதையாவது சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்பது வயதுப் பிள்ளையோடு பார்ப்பதென்றால் ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள்.

பழைய ஆபரேட்டர்

சரிதான் அம்மா. அந்த இடத்தில் எங்கள் அரங்கில் சிலர் சிரித்தார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும். பூங்கா முதலாளியாக வரும் இர்ஃபான் கானைப் பற்றியும் விட்டுவிட்டேன். முதல் படத்தில் பூங்கா முதலாளியாக நடித்த ரிச்சர்ட் அட்டன்பரோ 2014-ல் இறந்துபோனார். அடுத்த ஆண்டு நம் நாட்டுக்காரர் அந்த நாற்காலியில். ஹெலிகாப்டர் ஓட்டத் தெரியாமல் ஓட்டும் அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.

திண்ணைவாசி

எல்லோருக்கும் நன்றி. மனைவி சொன்னபடி சனிக்கிழமை முதல் படம். ஐயா, தண்ணீர் நடுங்கும் இடத்தில் நிறுத்தினேன். மகள் எழுந்திருக்கவில்லை. மாமியார்தான் எழுந்தார், ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்குவதற்கு.

ஞாயிறு 2015 படம். உதவியாளப் பெண்ணின் காட்சியைத் தாண்டிவிட்டேன். அபடோசரஸ் காட்சியில் மகள் அழுதாள். கதவு திறந்ததும் சோபாவின் மேல் ஏறி நின்று, "நம்ம டி-ரெக்ஸ்!" என்று கத்தினாள். முடிந்ததும் எது பிடித்தது என்று கேட்டேன். புதிய படத்தில் நிறைய டைனோசர் இருக்கிறதாம், பழைய படத்தில்தான் பயம் இருக்கிறதாம்.

இப்போது ஒரு புதுச் சிக்கல். இன்று காலையிலிருந்து டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு வட்டம் வரவழைக்கப் பார்க்கிறாள். எங்கள் வீட்டில் கிட்டார் இல்லை. மாமியாரின் வீணை இருக்கிறது, அதைத் தொடக்கூடாது. ஐயா, வேறு வழி உண்டா?

பழைய ஆபரேட்டர்

துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் வைத்து, பிழியும் நேரத்தில் பார்க்கச் சொல்லுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், கண்ணாடி டம்ளர். பக்கத்தில் ஒரு துணியும் இருக்கட்டும், தண்ணீர் சிந்தும்.