வைகாசியில் கல்யாணம்: சடங்கும் குறையாமல், நாங்களும் அனுபவிக்கும்படி எப்படித் திட்டமிடுவது?

வைகாசி மணப்பெண்:

வணக்கம். வைகாசி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். தஞ்சாவூரில் மண்டபம் பேசி முன்பணம் கொடுத்தாகிவிட்டது. சனிக்கிழமை மாலை 6:30-க்கு வரவேற்பு, மறுநாள் காலை 6:00–7:30 முகூர்த்தம் என்று பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. சுமார் 600 பேர் வருவார்கள். ஹோமம், கூறை, சப்தபதி, அம்மி, அருந்ததி எல்லாம் உண்டு. அதில் எதையும் நீக்க எங்களுக்கும் விருப்பம் இல்லை.

கேள்விகள் மூன்று. வரவேற்பு மேடையில் நான்கு மணி நேரம் பொம்மை மாதிரி நிற்பதைக் குறைக்க வழி உண்டா? மந்திரம் சொல்வது எங்களுக்கும் புரிந்து, வந்தவர்களுக்கும் புரிய என்ன செய்யலாம்? எங்கள் இருவருக்கும் சொந்தமான ஏதாவது ஒன்றை, பெரியவர்கள் மனம் நோகாமல், எந்த இடத்தில் சேர்ப்பது?

பந்தக்கால் (மண்டப ஏற்பாடு):

பத்திரிகை அச்சுக்குப் போகவில்லை என்பது நல்ல செய்தி. முதலில் முகூர்த்த நேரத்தைப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

6 மணி முகூர்த்தம் என்றால் 5 மணிக்கே சங்கல்பம் தொடங்கிவிடும். குளித்து, தலை பின்னி, ஒப்பனை முடித்து, புடவை கட்ட மணப்பெண்ணுக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். அதாவது இரண்டரை மணிக்கு எழுப்புவார்கள். முந்தைய இரவு வரவேற்பு 10 மணிக்கு முடிந்தாலும், தலையிலிருந்து ஊசிகளை எடுத்து, ஒப்பனை கலைத்து, படுக்க 11:30 ஆகிவிடும். மீதி தூக்கம் மூன்று மணி நேரம். கல்யாணம் எதுவும் நினைவில் நிற்கவில்லை என்று பல பெண்கள் சொல்வதற்கு முதல் காரணம் இந்தத் தூக்கக் கணக்குதான்.

ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு வசதியான நாள். ராகு காலம் மாலை 4:30–6:00, எமகண்டம் 12:00–1:30. காலைப் பொழுது முழுக்கத் தடை இல்லை. வைகாசியில் சூரியன் ரிஷபத்தில் இருப்பதால் உதயத்தில் ரிஷப லக்னம் (லக்னம் என்பது அந்த நேரத்தில் கிழக்கே உதிக்கும் ராசி). மாத நடுவில் சுமார் 7 மணிக்கு மிதுனம் தொடங்கி 9 வரை இருக்கும். ஜோசியரிடம் போய் "நேரத்தை மாற்றிக் கொடுங்கள்" என்றால் அவருக்கும் பெரியவர்களுக்கும் அது பிடிவாதமாகப் படும். "மிதுன லக்னத்தில், பஞ்சகம் சுத்தமாக முகூர்த்தம் அமையுமா?" என்று கேளுங்கள். பஞ்சகம் என்பது திதி, கிழமை, நட்சத்திரம், லக்னம் இவற்றைக் கூட்டிப் பார்க்கும் கணக்கு. அது சாஸ்திரத்துக்குள் நின்று கேட்கும் கேள்வி, பதிலும் ஒழுங்காகக் கிடைக்கும். 7:30-க்குப் பிறகு தாலி என்றால் நீங்கள் நான்கு மணிக்கு எழுந்தால் போதும். காலை ரயிலில் வருகிறவர்களும் டிபன் சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டுவதைப் பார்ப்பார்கள். மண்டபத்தை எத்தனை மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டின் கடைசிப் பந்தி 2:30-க்கு முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

அடுத்து மேடை. 600 பேர் என்றால் ஏறக்குறைய 150 குடும்பம். ஏறி, பரிசு கொடுத்து, படம் எடுத்து இறங்க ஒரு குடும்பத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலே இரண்டரை மணி நேரம். இதை வேகப்படுத்தப் பார்க்காதீர்கள். கூட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். பந்திக்கு 150 இலை என்றால் நான்கு பந்தி வரும். முதல் இரண்டு பந்தியிலும் பாயசம் பரிமாறும் நேரத்தில் நீங்கள் இருவரும் வரிசை வரிசையாக நடந்து எல்லாரையும் பாருங்கள், பந்திக்கு 12 நிமிடம் போதும். அங்கே பார்த்தவர்கள் பெரும்பாலும் திரும்ப மேடை ஏற மாட்டார்கள். உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களிடம் நாலு வார்த்தை நின்று பேசவும் முடியும். இதில் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. வீடியோ விளக்கோடு ஐந்தாறு பேர் பின்னாலேயே வந்தால் பரிமாறுகிறவர்கள் நகர முடியாது, சாம்பார் வாளி புடவையில் இடிக்கும். ஒரே ஒரு ஒளிப்படக்காரர், கையில் விளக்கு இல்லாமல் வந்தால் போதும்.

மேடைக்கு ஏற ஒரு படி, இறங்க மறுபக்கம் ஒரு படி. மொய் எழுதும் மேசை ஏறும் படிக்கு முன்பே இருக்கட்டும். சாப்பாட்டைக் கடைசிப் பந்திக்குத் தள்ளாதீர்கள். மாலை 5:45-க்கு இட்லி மாதிரி எண்ணெய் இல்லாத டிபன், 8 மணிக்கு 20 நிமிட இடைவேளையில் இருவரும் முழுச் சாப்பாடு. அந்த 20 நிமிடத்துக்கும் கச்சேரியோ பாட்டோ வைத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். ஒரு தோழியோ தம்பியோ மோர் பாட்டிலும் உறிஞ்சு குழாயும் வைத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் நிற்கட்டும். வைகாசி வெயில், பட்டுப் புடவை, மேடை விளக்கு மூன்றும் சேர்ந்தால் மயக்கம் வருவது அபூர்வம் இல்லை.

அக்னிசாட்சி (புரோகிதம்):

இரண்டாவது கேள்விக்குச் சொல்கிறேன் அம்மா. ஒவ்வொரு மந்திரத்துக்கும் பொருள் சொல்ல ஆரம்பித்தால் முகூர்த்தம் தப்பிவிடும், கேட்கிறவர்களுக்கும் அலுத்துவிடும். ஆறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: தாரை வார்த்தல், மாங்கல்ய தாரணம், பாணிக்ரஹணம் (கைப்பிடித்தல்), சப்தபதி, அம்மி மிதித்தல், பொரியிடுதல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் இரண்டு வாக்கியம், அரை நிமிடம். அதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. தெளிவாகத் தமிழ் பேசும் அத்தையோ சித்தப்பாவோ எழுதி வைத்துப் படிக்கலாம். கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்பே வாத்தியாரை வீட்டுக்கு அழைத்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். அன்றைக்குக் காலையில் மேடையில் வந்து "கொஞ்சம் விளக்கம் சொல்லுங்கள்" என்றால் யாராலும் நன்றாகச் சொல்ல முடியாது.

சப்தபதியை நீங்கள் முக்கியமாகக் கேட்டு வாங்க வேண்டும். ஏழு அடியில் முதலடி அன்னத்துக்கு, இரண்டாவது பலத்துக்கு, நான்காவது சுகத்துக்கு. ஏழாவது அடி வைத்ததும் வரன் பெண்ணைப் பார்த்துச் சொல்வது, "நீ எனக்குத் தோழி ஆனாய்" என்ற பொருள் வரும் மந்திரம். அக்னியை வைத்துச் செய்யும் கல்யாணத்தில் உணர்ச்சியின் உச்சம் இந்த இடம். இந்து திருமணச் சட்டத்தின் 7-ஆவது பிரிவும், சப்தபதி உள்ள முறையில் ஏழாவது அடியில்தான் கல்யாணம் பூர்த்தியாகிறது என்கிறது. ஆனால் நடப்பில் தாலி கட்டியதும் கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விடுகிறது. சப்தபதியை யாரும் பார்ப்பதில்லை. இதைத் தடுக்க, தாலி முடிந்த கையோடு மைக்கில் "இன்னும் 15 நிமிடத்தில் சப்தபதி, அது முடிந்ததும் பந்தி" என்று அறிவிக்கச் சொல்லுங்கள். சமையல்காரரிடமும் இலை போடும் நேரத்தைச் சொல்லி வையுங்கள். இலை போட்ட சத்தம் கேட்டால் அறிவிப்புக்கு மதிப்பில்லை.

இட விஷயம் ஒன்று. ஏழு அடி வைக்க அக்னிக்கு வடபுறம் ஏழு அடி நீளமாவது தரை காலியாக இருக்க வேண்டும். மேடை அலங்காரக்காரர்கள் அங்கேதான் சீர்த் தட்டுகளை அடுக்குவார்கள். அப்புறம் மூன்றடிக்குள் ஏழு தடவை காலை அசைத்து ஒப்பேற்ற வேண்டி வரும். முதல் நாளே சாக்பீஸால் கோடு போட்டு வையுங்கள். உங்கள் கால் கட்டை விரலைப் பிடித்து வரன் நகர்த்த வேண்டும், அவர் குனிந்தபடி நடப்பார். அதனால் அந்த நேரத்தில் மாலையைக் கழற்றிக்கொள்வது நல்லது.

புகை: ஹோமத்தில் கண் எரிவதற்கு நெருப்பு காரணம் இல்லை, ஈர வரட்டியும் ஈரச் சுள்ளியும்தான் காரணம். இரண்டு நாள் வெயிலில் காய்ந்ததை வாங்கிக் கையால் உடைத்துப் பாருங்கள், மொறுக்கென்று உடைய வேண்டும். நெய்யை மொத்தமாக ஊற்றாமல் சிறு கரண்டியால் விட்டால் சுடர் நின்று எரியும். நெருப்பு அணையாமல் இருக்க மின்விசிறியை நிறுத்துவோம். ஆகவே புகை வெளியே போகும் விசிறி மேடைப் பக்கம் ஓடுகிறதா என்று மண்டபத்தில் சரிபாருங்கள்.

ஒத்து (நாகஸ்வரம்):

மேலே சொன்ன விளக்கம் எடுபட வேண்டுமானால் மேளக்காரர்களிடம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். மேடையில் யாராவது மைக்கை எடுத்தால் நிறுத்த வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாது. சடங்குக்குச் சடங்கு இடைவெளியை நிரப்புவது எங்கள் வேலை. கை காட்ட ஒரே ஒரு ஆளை வையுங்கள். உள்ளங்கை விரித்தால் நிறுத்தம், ஆள்காட்டி விரலை ஆட்டினால் கெட்டிமேளம். இரண்டு வீட்டிலிருந்தும் நாலு பேர் விரலை ஆட்டினால் முகூர்த்தத்துக்கு முன்பே ஒரு பொய்க் கெட்டிமேளம் கொட்டிவிடும், அட்சதையும் விழுந்துவிடும்.

உங்களுக்குப் பிடித்த பாட்டை வாசிக்கச் சொல்லலாம். ஒரு மாதம் முன்பு நான்கு பாட்டின் பட்டியலும் ஒலிப்பதிவும் கொடுங்கள். பொருத்தமான இடம், கன்னிகாதானம் முடிந்து நீங்கள் கூறை கட்டிக்கொண்டு வரும் 20 நிமிடம். சபையில் எல்லாரும் சும்மா இருக்கும் நேரம் அது. காலை வேளைக்குப் பிலஹரி, மலயமாருதம் கேட்கலாம். ஊஞ்சல் வைத்தால் ஆனந்தபைரவி. முகாரியில் அமைந்த பாட்டை மட்டும் கேட்காதீர்கள், மங்கல காரியத்தில் வாசிக்க மாட்டோம். மாப்பிள்ளை அழைப்புக்குச் செண்டை மேளமும் நாகஸ்வரமும் சேர்த்து வைக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று கேட்கவிடாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கோணம் (ஒளிப்படம்):

தாலி கட்டும்போது மணவறைக்கு முன்னால் நான்கடி காலியாக இருக்க வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள். ஒளிப்படக்காரர் இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் ஒருவர். வீடியோ நடுவில், ஆனால் கூடத்தில் உயரமான முக்காலியில். "திரும்ப ஒரு தடவை கட்டுங்க சார்" என்று கேட்கக் கூடாது என ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கூட்டுப் படத்துக்கு 15 குழு வரை பெயர் எழுதி, இரு வீட்டிலும் ஆட்களை முகம் தெரிந்த ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்தால் 30 நிமிடத்தில் முடியும். பட்டியல் இல்லாவிட்டால் ஒன்றரை மணி நேரம், பெரியப்பா விடுபட்ட வருத்தமும் சேர்ந்து.

முடிச்சு போடும்போது மாலையும் சடையும் மறைக்கும். நாத்தனார் மாலையைத் தூக்கிப் பிடிக்க, உங்கள் பக்கம் ஒருவர் சடையை ஒதுக்க, யார் யார் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். மாலை மாற்றுவதற்கு ஒரு கிலோவுக்குள் இருக்கும் மெல்லிய மாலை தனியாக வாங்குங்கள். கனமான மாலை கழுத்தை இழுத்துத் தோளைக் குனிய வைக்கும், முகமும் வாடித் தெரியும்.

வைகாசி மணப்பெண்:

எல்லாருக்கும் நன்றி. ஜோசியர் 7:30–8:45 கொடுத்துவிட்டார், அப்பாவும் சம்மதித்தார். மூன்றாவது கேள்விதான் மீதி. நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சில வார்த்தை சொல்ல ஆசைப்படுகிறோம். முகூர்த்தத்தில் அதற்கு இடம் உண்டா? நலங்கும் வைக்கலாமா?

மஞ்சக்குங்குமம்:

முகூர்த்தத்தில் வேண்டாம்மா. அங்கே நேரம் உங்கள் கையில் இல்லை, புகையில் தொண்டையும் கட்டியிருக்கும். வரவேற்பில் 7 மணிக்கு, வரிசை தொடங்கும் முன் சொல்லுங்கள். ஒருவருக்கு 150 வார்த்தை, ஒன்றரை நிமிடம். சட்டையில் குத்தும் மைக் வேண்டாம், நகையும் சரிகையும் உரசிக் கரகரக்கும். கையில் பிடிக்கும் மைக்கை வாங்குங்கள். தாளில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், போனைப் பார்த்துப் படித்தால் திரை அணைந்துவிடும். தாத்தா பாட்டிகளை முதல் வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பேச்சை அவர்களுக்கு நன்றி சொல்லித் தொடங்கினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நலங்கை ஞாயிறு மாலை 4 மணிக்கு, நெருங்கிய சொந்தம் 50 பேரோடு வையுங்கள். ராகு காலத்துக்கு முன் தொடங்கிவிட்டால் பெரியவர்களுக்கும் திருப்தி. தேங்காய் உருட்ட மட்டை முழுதும் உரிக்காத காய் வேண்டும், ஓட்டுக்காய் விரலை நசுக்கும். அப்பளம் உடைக்கச் சுட்டது பத்து போதும். பொரித்ததை வைத்தால் எண்ணெய் பட்டில் இறங்கும், கறை போகாது. மோதிரம் எடுக்கிற பாத்திரம் முக்கியம். வாய் குறுகிய குடத்தில் இரண்டு கை ஒரே நேரம் நுழைந்தால் கண்ணாடி வளையல் உடைந்து கீறும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் மஞ்சள் நீர் முக்கால் பங்கு, மேலே கொஞ்சம் பூ இதழ், உள்ளே ஒரு மோதிரம், குழப்ப இரண்டு காசு. மூன்று சுற்று. பாடத் தெரிந்த பாட்டிமார்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டால் அவர்கள் வாய் திறக்கவே மாட்டார்கள்.

அட்சதையையும் கவனியுங்கள். 600 பேருக்கு மூன்று கிலோ முனை முறியாத பச்சரிசி, கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள், சில சொட்டு நெய். தண்ணீர் விட்டுப் பிசைந்தால் ஈர மஞ்சள் வேட்டியிலும் புடவையிலும் ஒட்டும். பின்வரிசையிலிருந்து எறிந்தால் கண்ணில் படும். முன்னால் இருக்கும் பெரியவர்கள் தலையில் போட்டு ஆசீர்வதிக்க, மற்றவர்களுக்குப் பூ இதழ் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்களுக்கு மட்டும். அருந்ததி பார்ப்பதைப் பகல் வெளிச்சத்தில் விரலை நீட்டிச் சடங்காக முடித்துவிடுவார்கள். உங்கள் மாதம் வைகாசி, நிஜமாகவே பார்க்கலாம். கல்யாணத்தன்று இரவு 8:30-க்கு மொட்டை மாடிக்குப் போய், விளக்கை அணைத்துப் பத்து நிமிடம் இருட்டுக்குக் கண்ணைப் பழக்கி, வடக்கே பாருங்கள். அடிவானத்துக்கும் தலை உச்சிக்கும் நடுவில் சப்தரிஷி மண்டலம் ஏழு விண்மீனாக, கரண்டி மாதிரி இருக்கும். அதன் காம்பில் மூன்று மீன், நடுவில் இருப்பது வசிஷ்டர். அவரை ஒட்டி மங்கலாகத் தெரிவது அருந்ததி. மேகமோ தெருவிளக்கோ மறைத்தால் அடுத்தடுத்த நாள் பார்க்கலாம், ஆனி முடியும்வரை முன்னிரவில் தெரியும். போன் வேண்டாம், வெளிச்சம் பட்டால் கண் மறுபடி பழகப் பத்து நிமிடம் ஆகும்.