ரேஷன் கடையில் அம்மா சொன்னது

வைகைக்காரி:
2025 மார்ச். "மாசக் கடைசிக்குள்ள ரேகை வெக்கலேன்னா கார்டுல பேர அடிச்சிருவாங்களாம், வந்துட்டுப் போ." ஒன்பது வருஷத்துல அம்மா பேசின முதல் போன். நான் திருநங்கை. பஸ் இறங்கி, கட்டின சேலையோட நேரா கடைக்கே போயிட்டேன். வீட்டு வாசலை மிதிக்கத் தைரியம் இல்ல. கடைக்காரர் மிஷினைப் பார்த்து என் பழைய பேரைக் கூப்பிட்டார். போய் நின்னேன். என்னைப் பார்க்கிறார், மிஷினைப் பார்க்கிறார். பின்னாடி யாரோ சிரிச்சாங்க. அம்மா அரிசிப் பையைக் கீழ வெச்சுட்டு, "எங்க புள்ளதான். மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கு"ன்னுச்சு.

வந்திருக்கான் இல்ல, வந்திருக்கா இல்ல. வந்திருக்கு. தெருவுல "அது போகுது பாரு"ன்னு கேட்டுக் கேட்டுப் புளிச்ச காது இது. ஆனா மடியில கிடக்கிற பிள்ளையையும் அப்படித்தானே சொல்லுவோம்? எந்த "கு"ன்னு இன்னும் பிடிபடல.

தென்காசித் தம்பி:
கோவிச்சுக்காதீங்க, அரிசிக்காகக் கூப்பிட்டிருக்காங்க. எங்க அக்கா பேரும் கார்டுல இருக்கு, வீட்டுலதான் இல்ல. என் கல்யாணத்துக்கு வந்துச்சு. மண்டப வாசல்லயே மொய்க் கவரைக் கையில திணிச்சுட்டு நின்னுச்சு. "சாப்பிட்டுப் போக்கா"ன்னு சொல்ல வாய் வரல. மாமனார் பக்கத்துலயே நின்னார். கவர்ல 5001 ரூபா, பேரு எழுதல.

கஸ்தூரி நானி:
அரிசியைக் கேவலமாப் பேசாத தம்பி. நீ வாய் திறக்காததுக்கு அவங்கம்மாவை ஏன் இழுக்கிற? மகளே, நீ மொதல்ல கலெக்டர்கிட்ட திருநங்கைன்னு சான்று வாங்கு. அதை வெச்சு ஆதார்ல பேரை மாத்து, அப்புறம் கார்டு. வரிசையை மாத்தினா நாலு தடவை அலைய விடுவானுங்க. 2019ல வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 12வது பிரிவுல பெத்தவங்க இருக்கிற வீட்டுல தங்க உனக்கும் உரிமை இருக்கு. ஆனா அதை எடுத்த எடுப்புலயே நீட்டாத, பேச்சு நின்னுபோகும். அம்மாவுக்குச் சேலை எடுத்துக் கொடு. மொத தடவையே பணம் கொடுத்துப் பழக்காத, அப்புறம் பணத்துக்குத்தான் கதவு திறக்கும். அனுபவிச்சுச் சொல்றேன். எனக்கு அரிசிக்குக்கூட போன் வரல.

வைகைக்காரி:
நானி, சரி. தம்பிக்கு ஒண்ணு சொல்லணும், அவசரத்துல விட்டுட்டேன். மூணாவது தடவைதான் ரேகை விழுந்துச்சு. கிளம்பும்போது கடைக்காரர், "வெளியூர்ல இருந்தா அங்கயே ஏதாச்சும் கடையில வெக்கலாம்னு போன வாரமே சொன்னேனேம்மா"ன்னார். அம்மா காதுல விழாத மாதிரி பையைத் தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்துச்சு.