பறவை துப்பிய எண்ணெயை வைத்து அண்டார்க்டிக் கடல்பனியைக் கணக்கிட முடியுமா?

சும்மாபடிப்பவன்:
கடல்பனியைச் செயற்கைக்கோள்கள் தொடர்ச்சியாக அளப்பது 1970-களின் கடைசியிலிருந்துதான், அதற்கு முன்னால் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் குறிப்புகள் கொஞ்சம் இருக்கின்றன, அவ்வளவுதான். கடல்பனி உருகினால் தடயமே விட்டுவைக்காது, அதனால் பழைய காலத்துக்குக் கடலடிச் சேற்றையும் துளைபோட்டு எடுக்கும் பனி உருளைகளையும் பார்க்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் மலை உச்சியில் ஒரு பறவை கக்கியதை வைத்து, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடலில் எவ்வளவு பனி இருந்தது என்று எப்படிச் சொல்கிறார்கள்? கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் கேட்கிறேன்.

அடுக்குப்பாறை:
கக்கியது என்றால் சாப்பிட்டதை அப்படியே வெளியே தள்ளியது இல்லை, வயிற்று எண்ணெய். ஸ்னோ பெட்ரல் என்ற வெள்ளைப் பறவை, புறா அளவுதான் இருக்கும், பனிப்படலத்துக்கு மேல் தலைகாட்டும் மலைமுனைகளின் பாறை இடுக்குகளில் கூடு வைக்கிறது, சில கூடுகள் கடலிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே. யாராவது கிட்டே வந்தால் வயிற்று எண்ணெயை மூஞ்சியிலேயே பீச்சும். அது இடுக்கின் வாசலில் ஒழுகிக் குளிரில் இறுகி, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று மெழுகு மாதிரி அடுக்கடுக்காகப் படிகிறது. பார்க்கச் சிலாஜித் (மலைப்பாறைகளில் கசியும் கருப்புப் பிசின்) மாதிரி இருப்பதால் மத்திய ஆசியாவில் அதற்கு வழங்கும் முமியோ என்ற பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள். மழையும் இல்லை, பாக்டீரியா வேலையும் மிகக் குறைவு, எனவே கெடுவதில்லை. அண்டார்க்டிகாவின் டிரானிங் மாட் லேண்ட் என்ற பகுதியில் 30,000 ஆண்டுகளுக்கும் மேல் பழைய படிவுகள் கிடைத்திருக்கின்றன.

கடலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், பறவை எதைத் தின்றதோ அதன் கொழுப்பு அந்த எண்ணெயில் இருக்கிறது. கிரில் என்ற, இறால் மாதிரியான சிறு கடலுயிரின் ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம், ஆகவே தாமிரம் கூடிய அடுக்கு என்றால் கிரில் அதிகம் தின்றிருக்கிறது. மீன் என்றால் கொழுப்பு அமிலங்களும் நைட்ரஜன் ஐசோடோப்பும் (நைட்ரஜனின் எடை வேறுபட்ட வகைகளின் விகிதம்) வேறு மாதிரி இருக்கும். பனி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் கிடைக்கும் இரையும் மாறும். பறவை குஞ்சுக்கு இரை கொண்டுவர வேண்டும், எனவே எட்டும் தூரத்துக்குள் எங்கோ திறந்த தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். கடைசி பனியுக உச்சத்திலும் சில இடங்களில் பெட்ரல் கூடு கட்டியிருக்கிறது, அப்படியானால் கடல் முழுக்க மூடிக் கிடக்கவில்லை, நடுவில் திறப்புகள் இருந்திருக்கின்றன. எனக்கு இதில் பிடித்ததே இதுதான்.

ஒருசந்தேகம்:
உணவு மாறியது என்றால் கடல்பனி மாறியது என்று உடனே முடிவுகட்டுவது சரியா? அடீலி பென்குவின்களின் பழைய முட்டை ஓடுகளைப் பார்த்தபோது சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்புதான் அவை மீனிலிருந்து கிரில்லுக்கு மாறியதாகத் தெரிந்தது, அதற்குச் சொல்லப்பட்ட காரணம் பனியே இல்லை, சீல்களையும் திமிங்கிலங்களையும் மனிதர்கள் கொன்று குவித்ததில் கிரில் மிஞ்சிப்போனது என்றார்கள். அப்புறம் கார்பனை வைத்து வயது கணக்கிடும் கார்பன் தேதி. அங்கே கடல் ஆழத்துப் பழைய நீர் மேலே வருவதால் இன்று உயிரோடு இருக்கும் பறவைக்கே ஆயிரம் ஆண்டு வயது காட்டும், அதைத் திருத்தாமல் எந்தத் தேதியையும் நம்பக்கூடாது.

அடுக்குப்பாறை:
ரெண்டும் நியாயம். அதனால்தான் ஒரு படிவைத் தனியாக வைத்து யாரும் பேசுவதில்லை, சேற்றில் இருக்கும் டயாட்டம் என்ற நுண்பாசிகளின் ஓடுகளோடும் பனி உருளையோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார்கள். கிரில், மீன் கணக்கைவிட, பறவை அங்கே இருந்ததா இல்லையா என்பதுதான் உறுதியான சாட்சி என்பது என் கருத்து.

கேப்டன்கூடு:
இருந்ததா இல்லையா என்றதும் ஞாபகம் வந்தது. அண்டார்க்டிகாவின் ராஸ் கடல் பக்கம் கேப் இரிசார் என்ற முனைக்கு 2016-ல் ஸ்டீவன் எம்ஸ்லி என்ற பென்குவின் ஆய்வாளர் போனபோது, நேற்று செத்த மாதிரி தோலும் இறகும் ஒட்டிய அடீலி பென்குவின் குஞ்சுகளின் எலும்புகள், சுற்றிலும் எச்சக் கறை. ஆனால் அங்கே பென்குவின் கூட்டம் வாழ்ந்ததாக எந்தப் பதிவும் இல்லை! தேதி பார்த்தால் கடைசியாக அவை அங்கே இருந்தது சுமார் 800 ஆண்டுகளுக்கு முன். குளிர் கூடிப் பனி மூடி உறைய வைத்துவிட்டது, இப்போது அது உருகி வெளியே வந்திருக்கிறது. ஆனால் அடீலி விஷயத்தில் பனி குறைந்தால் நல்லது என்று நேராகச் சொல்ல முடியாது. அதற்குக் கடல்பனியும் வேண்டும், கூட்டிலிருந்து நடந்து போய்ச் சேரும் தூரத்தில் தண்ணீரும் வேண்டும், ரெண்டில் எது கெட்டாலும் இடத்தைக் காலி செய்துவிடும்.

சும்மாபடிப்பவன்:
சரி, புரிகிறது. அந்த எண்ணெய்ப் படிவை வெட்டும்போது நாற்றம் அடிக்குமா?

அடுக்குப்பாறை:
அடிக்கும். மீன் எண்ணெய்தானே, எத்தனை ஆயிரம் ஆண்டானாலும்.