பிள்ளையை ஆய்வில் சேர்த்தவர்களே, அங்கே என்ன நடந்தது?

ஒன்பது வயதுக்காரனின் அம்மா

என் மகனுக்கு மூளை முடக்குவாதம். நாம் பேச்சில் சொல்லும் சி.பி. (செரிப்ரல் பால்சி) தான். வீட்டுக்குள் வாக்கர் பிடித்து நடப்பான், தூரம் என்றால் வீல்சேர். பேச்சு மெதுவாக வரும், ஆனால் வரும். போன மாதம் ஓர் ஆய்வில் சேர்ந்தோம். தலைப்பு 'வாழ்க்கைத் தரம்'. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, பிள்ளையைத் தராசில் தூக்கி வைப்பதுபோல் இருந்தது. அவனுடைய பிசியோ கேட்டுக்கொண்டதால் கையெழுத்துப் போட்டேன்.

வந்த பெண் இரண்டு கேள்வித்தாள் வைத்திருந்தார். ஒன்று எனக்கு, இன்னொன்று அவனுக்கு. "அவனுடையதையும் நானே நிரப்பித் தந்துவிடுகிறேன், அவனுக்கு நேரமாகும்" என்றேன். "ஆகட்டுமே" என்று சொல்லிவிட்டு அவனை அடுத்த அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. அவனிடம் யார் எதைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். அப்படியே ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது என்பது அந்தக் கதவைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

எனக்கு இருபது நிமிடம் ஆனது. அவனுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

அவன் என்ன சொன்னான் என்பதை அந்தப் பெண் சொல்லவில்லை. திரும்பி வரும்போது அவனே சொன்னான். நண்பர்களைப் பற்றிய கேள்விக்கு நான் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்திருந்தேன். அவன் மேலிருந்து இரண்டாவது கட்டத்தில் அடித்திருக்கிறான். யாரடா நண்பர்கள் என்றால் மூன்று பேரைச் சொல்கிறான். அதில் ஒருவன் பெயரையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

ஒரே ஒரு பதிலை மட்டும், அவனிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அந்தப் பெண் என்னிடம் சொன்னார். வலி பற்றிய கேள்வி. நான் 'இல்லை' என்று போட்டிருந்தேன். அவன் 'அடிக்கடி' என்று போட்டிருந்தான்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2007இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஐரோப்பிய ஆய்வு வந்திருக்கிறது. 8 முதல் 12 வயதுவரை உள்ள சி.பி. பிள்ளைகள் 818 பேர். அதில் தாமே பதில் சொல்லக்கூடிய 500 பேரிடம் நேராகக் கேட்டிருக்கிறார்கள். பெரும்பாலான விஷயங்களில் அவர்கள் சொன்னது அதே வயதுள்ள மற்றப் பிள்ளைகள் சொன்னதைப் போலவே இருந்தது. வலி இருந்த பிள்ளைகளின் பதில்தான் எல்லாவற்றிலும் இறங்கியிருந்தது. பெற்றோரிடம் தனியாகக் கேட்டதில், பிள்ளையின் வாழ்க்கைத் தரத்தை அவர்கள் சொன்னதைவிடக் குறைவாகவே நாம் பொதுவாக மதிப்பிடுகிறோம். நமக்கு மன அழுத்தம் கூடுதல் என்றால் இன்னும் குறைவாக. வலி வந்தால் மட்டும் கதை தலைகீழ்: பிள்ளைக்குக் கடும் வலி இருந்தால், அவர்கள் சொல்வதைவிட நன்றாக இருக்கிறார்கள் என்று நாம் மதிப்பிட்டுவிடுகிறோம். படித்துவிட்டு அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.

சரி, உங்கள் கதை என்ன? ஆய்வுக்குப் போனவர்கள், போய்த் திரும்பி வந்தவர்கள், பாதியில் விலகியவர்கள் எல்லோரும் எழுதுங்கள்.

மூன்றாம் கோடு

அக்கா, உங்கள் பதிவைப் படித்ததும் ஒரு தாள் ஞாபகத்துக்கு வந்தது. ஐந்து கோடு போட்ட வரைபடம்.

சி.பி. பிள்ளைகளின் இயக்கத்தை ஐந்து நிலையாகப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 1997இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகக் குழு வெளியிட்டது. முதல் நிலை என்றால் பிடிமானம் இல்லாமல் நடப்பவர்கள், ஐந்தாம் நிலை என்றால் தலையை நிறுத்தவே துணை தேவைப்படுபவர்கள். அதே குழு ஒன்டாரியோவில் 657 பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து, 2002இல் நிலைக்கு ஒன்றாக ஐந்து வளர்ச்சிக் கோடுகளை வரைந்தது. கோடு விறுவிறுவென்று ஏறும், பிறகு படுத்துவிடும். மூன்றாம் நிலைப் பிள்ளைகள் எட்டக்கூடிய திறனில் 90 சதவீதத்தைச் சராசரியாக 3.7 வயதிலேயே எட்டிவிடுகிறார்கள்.

என் மகளுக்கு அப்போது நாலரை வயது. மூன்றாம் கோட்டில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து "இவள் இங்கே இருக்கிறாள்" என்றார் ஒருவர். அதையும் வராந்தாவில் நின்றுகொண்டு, மகள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தேன். இரவு அவருக்குப் போன் செய்து, "என் பிள்ளையை உங்கள் கோட்டில் கட்டிப்போடாதீர்கள்" என்று கத்தினேன். நியாயமாகத்தான் கத்தினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் தாளைத் தூக்கிப் போடவில்லை. அந்த நாட்களில் தினமும் நாலு மணி நேரம் பயிற்சி. பாயை விரித்தாலே மகள் அழத் தொடங்குவாள். இரண்டு மாதம் கழித்து வேறொரு பிசியோவிடம் அதே தாளைக் காட்டி, இந்தக் கோடு எதை அளக்கிறது என்று கேட்டேன். புரளுதல், உட்காருதல், தவழுதல், நிற்றல், நடத்தல், ஓடுதல், அவ்வளவுதான் என்றார். படிப்பு இதில் இல்லை, பேச்சு இல்லை, குறும்பு இல்லை. கோடும் சராசரிதான், தனிப் பிள்ளை அதற்கு மேலும் இருக்கலாம் கீழும் இருக்கலாம்.

பயிற்சியை ஒரு மணி நேரமாகக் குறைத்தோம். மிச்ச மூன்று மணி நேரத்தை என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. முதல் வாரம் இரண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருந்தோம். இப்போது அவளுக்குப் பதினொன்று. மின்சார வீல்சேரை ஓட்டும் வேகத்துக்குத் திட்டு வாங்காத நாளே கிடையாது.

அந்த வராந்தாக்காரரை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. சொன்ன செய்தி சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை.

இரட்டையரில் மூத்தவள்

தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம். உடன்பிறந்தவர்கள் பற்றிய ஆய்வு என்று என்னிடம் ஒரு தாள் கொடுத்தார்கள். அவனால் எனக்கு என்னென்ன சிரமம் என்று பதினோரு கேள்வி. அவன் என்னை நாள் முழுக்கக் கேலி செய்வதைச் சொல்ல ஒரு கட்டம்கூட இல்லை. ஓரத்தில் எழுதி வைத்தேன். படித்தார்களோ என்னவோ.

வீடியோ எடுப்பவள்

நான் உங்களுக்கு எதிர்ப்பக்கம். ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கைக்குழந்தைகளைப் படம் பிடிப்பவள். குறைமாதத்தில் பிறந்தவர்கள், பிறந்ததும் மூளையில் இரத்தக்கசிவு வந்தவர்கள்.

மூன்று மாதக் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, பொம்மை இல்லாமல், யாரும் பேச்சுக் கொடுக்காமல் சில நிமிடம் எடுக்க வேண்டும். அந்த வயதில் கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் என்று எல்லா இடத்திலும் சின்னச் சின்னதாக, வட்டவட்டமாக ஓர் அசைவு ஓடிக்கொண்டே இருக்கும். ஃபிட்ஜெட்டி அசைவு என்பார்கள். அதன் முக்கியத்துவத்தைக் கண்டு சொன்னவர் ஹைன்ஸ் பிரெக்டல். அவருடைய குழு 1997இல் 130 குழந்தைகளைப் பற்றி எழுதியது. அசைவு இயல்பாக இருந்த 70 பேரில் 67 பேர் நரம்புக் குறைபாடு இல்லாமல் வளர்ந்தார்கள். அசைவு இல்லாத, அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பின்னால் பாதிப்பு தெரிந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு கேமரா, பழகிய கண், அவ்வளவுதான்.

பழகிய கண்தான் தொல்லையும். ஒரு வீட்டில் ஐந்தாவது நிமிடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கையும் காலும் அசைகின்றன, ஆனால் அந்தத் துறுதுறுப்பு எங்கேயும் இல்லை. நான் மதிப்பிடக் கூடாது, சொல்லவும் கூடாது என்பது விதி. படத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள், டாக்டர்தான் சொல்வார். விதி சரியானதுதான், ஒருத்தி கண்ணை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் தலையில் இடியைப் போட முடியாது. கிளம்பும்போது வாசலில் அந்த அம்மா, "நல்லா இருக்கா இல்ல?" என்று கேட்டார். "வீடியோ நன்றாக வந்திருக்கிறது" என்றேன். பொய் இல்லை. அதைவிடப் பெரிய பொய்யும் நான் சொன்னதில்லை.

எங்கள் திட்டப்படி முடிவு அவர்களுக்குப் போய்ச் சேர இரண்டு மாதம் ஆகும். சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் தொடங்கலாம் என்பதற்காகவே நடக்கும் ஆய்வில் இரண்டு மாதத் தாமதம்! கூட்டத்தில் சண்டை போட்டேன். பத்து நாளாகக் குறைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது உதவவில்லை, அடுத்து வந்தவர்களுக்கு உதவியது.

ஒரு வருடம் கழித்து அந்த அம்மாவைப் பார்த்தேன். "நீங்க அன்னைக்கே பார்த்துட்டீங்க" என்றார், கேள்வியாக இல்லை. ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, அந்த வீடியோவின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அந்த மாதங்களில் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் குழந்தையை ஒரு படம்கூட எடுக்கவில்லையாம். "மூணு மாசத்துல அவ எப்படி இருந்தான்னு வேற எதுலயும் இல்ல." வாங்கிக் கொடுத்தேன்.

கூண்டுக்குள் நாற்பது தடவை

நான் ஏமாந்த கதை. ஏமாந்தேனா என்பதும் சரியாகத் தெரியாது.

ஒரு தனியார் மையத்தில் உயர் அழுத்த ஆக்சிஜன் கூண்டில் நாற்பது தடவை மகனை உட்கார வைத்தேன். கூடவே நானும். முன்னேற்றம் தெரிந்தது, சத்தியமாகத் தெரிந்தது. அப்புறம்தான் 2001இல் கனடாவில் இருந்து வந்த ஆய்வைப் படித்தேன். சி.பி. பிள்ளைகள் 111 பேர், 40 தடவை. ஒரு குழுவுக்குக் கூடுதல் அழுத்தத்தில் ஆக்சிஜன். இன்னொரு குழுவுக்கு லேசாக உயர்த்திய அழுத்தத்தில் வெறும் காற்று. இரண்டு குழுவும் முன்னேறின. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. லேசான அழுத்தமும் ஒரு சிகிச்சைதான் என்று வாதாடுபவர்கள் உண்டு, எனக்கு அந்த வாதம் ஏறவில்லை.

என் கணக்கு வேறு. அந்தக் கூண்டுக்குள் போன் கிடையாது, வேலை கிடையாது. நாற்பது தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம், நான் அவனுக்குக் கதை சொன்னேன். வீட்டில் அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லை. எது வேலை செய்தது என்று யார் கண்டது? போன வருடம் ஓர் ஆய்வில், சீட்டுக் குலுக்கித்தான் எந்தக் குழு என்று முடிவாகும் என்றார்கள். மனைவிக்குக் கோபம். நான் கையெழுத்துப் போட்டேன்.

வளர்ந்துவிட்ட 'அந்தப் பிள்ளை'

எனக்கு முப்பத்து நான்கு வயது. சி.பி., இரண்டாம் நிலை. நீங்கள் எல்லோரும் எழுதும் அந்தப் பிள்ளை நான்தான்.

பத்து வயதில் நடை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். அரை டிரவுசரோடு நிற்க வைத்து, உடம்பெல்லாம் பளபளக்கும் குட்டி உருண்டைகளை ஒட்டினார்கள். சுற்றிலும் கேமரா, குளிர், ஐந்து பெரியவர்கள். "வழக்கம்போல நட" என்றார்கள். அப்படி நின்றால் யாருக்கு வழக்கம்போல நடை வரும்? படிவத்தில் அப்பாவின் கையெழுத்து இருந்தது. எனக்குச் சம்மதமா என்று கேட்க ஒரு வரியும் இல்லை. என் கணுக்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பது எங்கோ ஒரு கோப்பில் இன்னும் இருக்கும். மாலையில் நான் எவ்வளவு களைத்துப் போவேன் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

இப்போது ஓர் ஆய்வுக் குழுவுக்கு ஆலோசனை சொல்பவர்களில் நானும் ஒருவன். அந்தக் களைப்புக் கேள்வியைச் சேர்க்க வைத்ததுதான் இதுவரை என் ஒரே சாதனை. 2012இல் பீட்டர் ரோசன்பாமும் யான் வில்லெம் கோர்ட்டரும் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. செயல்பாடு, குடும்பம், உடற்தகுதி, வேடிக்கை, நண்பர்கள், எதிர்காலம் ஆகிய ஆறையும் பிள்ளையைப் பார்க்கும்போது மனதில் வையுங்கள் என்றார்கள். ஆங்கிலத்தில் ஆறும் ஒரே எழுத்தில் தொடங்கும். எனக்கு அதில் பிடித்தது 'வேடிக்கை'. அதை ஆய்வுக் கட்டுரையில் எழுத ஒருவருக்குத் தோன்றியதே!

அக்கா, உங்கள் மகன் வலியை ஏன் சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் சொன்னதில்லை. வலிக்கிறது என்றால் பயிற்சி கூடும், இல்லையென்றால் ஆபரேஷன் பேச்சு வரும். வாயை மூடிக்கொண்டால் அம்மாவும் தூங்குவார், நானும் தூங்கலாம். அவனிடம் கேட்டுப் பாருங்கள். திட்டாமல் கேளுங்கள்.

ஒன்பது வயதுக்காரனின் அம்மா

கேட்டேன், தம்பி. நீங்கள் எழுதியதேதான். இரண்டாவது காரணம் முதலில் வந்தது: "நீ தூங்க மாட்ட."

இடுப்பு எக்ஸ்ரே எடுத்தோம். வலப் பக்கம் எலும்பு குழியிலிருந்து கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. சி.பி. பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இப்படி ஆகுமாம். சுவீடனில் 1994இலிருந்தே இதற்கென்று பிள்ளைகளை முறையாகத் தொடர்ந்து கண்காணிக்கிறார்களாம். எங்களுக்கு இது முதல் படம். ஆறு மாதம் கழித்து இன்னொன்று எடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன் தேவையா என்று சொல்வார்களாம். இதையும் அவனை வைத்துக்கொண்டுதான் டாக்டரிடம் பேசினேன், அவன் வேண்டாம் என்றால் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டு. அவன் போகவில்லை.

நேற்று அந்தப் பெண் இரண்டாவது சுற்றுக்கு வந்திருந்தார். இந்த முறை கதவை நானே சாத்தினேன். முடித்து வெளியே வரும்போது அவர் சிரித்துக்கொண்டு வந்தார். தானும் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்றானாம். "உங்களுக்கு எத்தனை நண்பர்கள்?" அவர் விரல்விட்டு எண்ணி இரண்டு என்றாராம். அவன் தன் நோட்டில் அதைக் குறித்து வைத்திருக்கிறான்.