விந்தகத்தில் ஆக்டின் கூம்புகள் தெரியவில்லை: பிழை ஈயிலா, செய்முறையிலா?

முதுநிலை விலங்கியல் மாணவி, கிருஷ்ணகிரி

வணக்கம். டிரோசோபிலா மெலனோகாஸ்டர் ஆண் ஈயின் விந்தகத்தில், உருண்டையான இளம் விந்தணுவை நீண்ட நூலாக மாற்றுவதில் உயிரணுச் சட்டகத்தின் (உயிரணுவுக்கு வடிவம் தரும் ஆக்டின் இழைகள், நுண்குழல்கள் ஆகிய புரத அமைப்பின்) பங்கு என்ன என்பதே என் திட்டக்கட்டுரையின் பொருள். (மாந்தோப்பு வைத்திருக்கும் என் தந்தை, "பழ ஈயைப் பிடிக்க நாங்கள் பொறி கட்டுகிறோம், நீ வளர்க்கிறாயா?" என்று கேட்கிறார். அவர் சொல்வது மாங்காயைத் துளைத்து முட்டையிடும் பாக்ட்ரோசீரா, என்னுடையது நொதித்த பழத்தில் மொய்க்கும் சிறு ஈ என்று எத்தனை முறை விளக்கியும் பயனில்லை.)

விந்தகங்களைப் பிரித்தெடுத்து, குளிர்ந்த மெத்தனாலில் (திசு சிதையாதபடி) நிலைப்படுத்தி, நுண்குழல்களுக்கு டியூபுலின் எதிர்ப்பொருளும், உட்கருவுக்கு டாபி என்ற சாயமும், ஆக்டினுக்கு ஃபாலாய்டின் என்ற ஒளிரும் சாயமும் இட்டு, பெங்களூரில் ஓர் ஆய்வகத்தின் ஒளிர் நுண்ணோக்கியில் பார்த்தேன். நுண்குழல்கள் மிகத் தெளிவாக இருந்தன. ஊசி போன்ற உட்கருக்களும் கற்றை கற்றையாகத் தெரிந்தன. ஆனால் ஆக்டின் தெரிய வேண்டிய இடம் முழுவதும் இருளாகவே இருந்தது. ஆக்டினோடு இணைந்து இயங்கும் மியோசின் 6 என்ற புரதம் இல்லாத ஈக்களில், ஆக்டின் இழைகளாலான கூம்புகள் சரியாக உருவாவதில்லை என்று படித்திருக்கிறேன். என் ஈக்களிலும் அந்தப் புரதத்துக்கான மரபணு பழுதாகியிருக்குமா?

ஆய்வு மாணவர், ஓசூர்

சகோதரி, ஈக்கள் மீது பழி போடுவதற்கு முன் மெத்தனாலைக் கவனியுங்கள். ஃபாலாய்டின் ஆக்டின் இழையின் இயல்பான வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் பொருள். மெத்தனால் அந்த வடிவத்தையே குலைத்துவிடுகிறது. டியூபுலின் எதிர்ப்பொருளுக்கு மெத்தனாலால் இடையூறு இல்லை என்பதால்தான் ஒன்று ஒளிர, மற்றொன்று இருண்டது. ஃபாலாய்டின் புட்டியே மெத்தனாலில் கரைத்துத்தானே வருகிறது என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். நானும் முதலாண்டில் அப்படித்தான் ஏமாந்தேன். அதிலிருந்து எடுக்கும் சில மைக்ரோலிட்டரை நாம் உப்புக் கரைசலில் பன்மடங்கு நீர்க்கச் செய்துவிடுகிறோம், அதனால் தீங்கில்லை. ஆனால் திசுவையே மெத்தனாலில் ஊறவைப்பது வேறு கதை. 4 விழுக்காடு பாராபார்மால்டிஹைடில் இருபது நிமிடம் நிலைப்படுத்தி, டிரைட்டான் (சவ்வைத் துளைத்துச் சாயத்தை உள்ளே விடும் சோப்புப் பொருள்) சேர்த்த கரைசலில் கழுவிய பிறகு சாயமிடுங்கள்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், தருமபுரி

முந்தைய பதிலுடன் உடன்படுகிறேன். எனினும், கூம்புகள் எந்தக் கட்டத்தில், எதற்காகத் தோன்றுகின்றன என்பது மனத்தில் தெளிவாக இல்லாவிட்டால், சாயம் சரியாக ஏறினாலும் நீங்கள் அவற்றைத் தவறவிடக்கூடும்.

ஒரு முன்னோடி உயிரணு நான்கு முறை பிரிந்து 16 ஆகிறது. அவை குன்றல் பிரிவால் 64 இளம் விந்தணுக்களாகின்றன. பிரிவு முற்றுப்பெறாததால் அனைத்தும் சிறு வளையப் பாலங்களால் ஒன்றோடொன்று இணைந்து ஒரே பையில் கிடக்கின்றன. அப்போது மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றுகூடி இணைந்து, வெங்காயத்தை நறுக்கினாற்போல அடுக்கடுக்கான உருண்டையாகின்றன. சாயமே இல்லாமல் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் பார்த்தாலே, வெளிறிய உட்கருவின் அருகில் அதே அளவுள்ள கரிய உருண்டையாக இது தெரியும். பின்னர் அந்த உருண்டை இரண்டாகப் பிரிந்து நீள்கிறது. வாலை நீட்டுவது அதன் நடுத்தண்டான நுண்குழல் கற்றை (ஆக்சோனீம்) மட்டுமே என்று பலரும் நினைக்கிறார்கள்; உண்மையில், நீளும் மைட்டோகாண்ட்ரியாவின் மேற்பரப்பில் அணிவகுக்கும் நுண்குழல்களே அந்த நீட்சிக்கு முதன்மையான துணை. உட்கரு ஊசியாக மெலிவதும் அதன் பக்கத்தில் கற்றையாகச் சேரும் நுண்குழல்களின் துணையோடுதான். இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஈக்கு ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் நீள விந்தணு வாய்ப்பது இவ்வாறே.

இவ்வளவும் முடிந்த பிறகே ஆக்டினின் முறை வருகிறது. ஊசி உட்கருக்களைச் சுற்றி 64 கூம்புகள் உருவாகி, தலையிலிருந்து வால் நுனி வரை ஒரே வரிசையாக நகர்ந்து, மிகுதியான சைட்டோபிளாசத்தை முன்னால் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு விந்தணுவுக்கும் தனித்தனிச் சவ்வைப் போர்த்துகின்றன. தள்ளப்படும் கழிவு பையின் நடுவே ஒரு புடைப்பாகத் தெரியும். அதையும் ஃபேஸ் கான்ட்ராஸ்டிலேயே காணலாம். ஒரு விந்தகத்தில் எந்த நேரத்திலும் சில பைகளே இக்கட்டத்தில் இருக்கும் என்பதால், ஒரே சிலைடைப் பார்த்துவிட்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மேலும் ஒன்று: மியோசின் 6 பழுதானால் ஆண் ஈ மலடாகும். உங்கள் புட்டிகளில் புழுக்கள் வருகின்றனவா? விந்துப்பையைக் கீறினால் நீந்தும் விந்தணுக்கள் வெளிவருகின்றனவா?

கேள்வி கேட்ட மாணவி

ஐயா, மார்ச் வரை புழுக்கள் நிறைய வந்தன. ஏப்ரல் இறுதியிலிருந்து அறவே இல்லை. இன்று மூன்று ஈக்களின் விந்துப்பையைப் பார்த்தேன், மூன்றும் வெறுமையாக இருந்தன. அப்படியானால் மரபணுப் பழுதுதானே?

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், தருமபுரி

அதற்குள் முடிவு செய்ய வேண்டாம். இந்தக் கோடையில் உங்கள் வகுப்பறை மேசையின் வெப்பநிலை எவ்வளவு? சுமார் 30 டிகிரி செல்சியசிலும் அதற்கு மேலும் வளரும் இந்த இனத்து ஆண் ஈக்கள், மரபணு நன்றாக இருந்தும், மலடாகிவிடும். பெண் ஈ முட்டையிடும், ஆனால் அது பொரியாது. அதே இனக்கூட்டத்தை 25 டிகிரியில் வைத்துப் பாருங்கள். விந்தணு முழுமையாக உருவாக ஏறத்தாழ பத்து நாள் ஆகும் என்பதால், இரண்டு வாரமாவது பொறுத்திருங்கள்.

கேள்வி கேட்ட மாணவி

மேசையில் 30 டிகிரிக்கும் சற்று மேலே இருந்தது, ஐயா. பாதிப் புட்டிகளை ஓசூரில் என் அத்தை வீட்டில் குளிர்ந்த அறையொன்றில் பதினெட்டு நாள் வைத்தேன். அங்கே புழுக்கள் வந்துவிட்டன. விந்துப்பையிலிருந்து விந்தணுக்கள் சுருள் சுருளாக நெளிந்து வந்தன. அந்த ஈக்களின் விந்தகங்களைப் பாராபார்மால்டிஹைடில் நிலைப்படுத்தியபோது, எட்டில் ஐந்தில் கூம்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஆக, ஆக்டினை மறைத்தது மெத்தனால், விந்துப்பையை வெறுமையாக்கியது வெயில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது நான். வெயிலில் வளர்ந்த ஈக்களில் கூம்புகளே உருவாகவில்லையா, அல்லது உருவாகி வரிசை கலைந்தனவா என்பதை அறிய, மீதிப் புட்டிகளிலிருந்து எடுத்த விந்தகங்களையும் அதே முறையில் நிலைப்படுத்தியிருக்கிறேன்; சனிக்கிழமை பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.